ஆப்பில் 48, சோதனையில் 41: லண்டனில் தியறிச் சோதனையை ஐந்து முறை எடுத்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

யாரைப் பற்றியது

தியறி என்பது கார் ஓடும் லைசென்ஸுக்காக, வீதிச் சோதனைக்கு முன் தேற வேண்டிய சோதனை. இதில் வருபவர் லண்டனில் வசிக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அப்போது அவருக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள். பெயரையும் இருக்கும் இடத்தையும் விட்டுவிட்டேன். எழுதச் சொன்னதே அவர்தான். "மற்ற ஆக்களுக்காவது அந்த 23 பவுண் மிஞ்சட்டும் அக்கா" என்றார், சோதனைக் கட்டணத்தை நினைத்து.

நான் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொண்டர். வாகனப் பயிற்சியாளர் இல்லை. கீழே இருப்பதெல்லாம் படிப்பு பற்றிய அவதானிப்புகள், அவ்வளவுதான்.

பின்னணி

அவர் ஊரில் உயர்தரம் வரை படித்தவர். ஸ்கூட்டி ஓடியவர், அண்ணனின் வானையும் ஓடியவர். இலங்கை லைசென்ஸ் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓடலாம். பிரித்தானிய லைசென்ஸாக மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அந்த 12 மாதமும் அவருக்குக் கைக்குழந்தையோடு போய்விட்டது. பிறகு எல்லோரையும் போல முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று: பயிலுநர் லைசென்ஸ், தியறி, அப்புறம்தான் வீதிச் சோதனை.

அவசரத்துக்குக் காரணம் வேலை. முதியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இரண்டு பஸ். கார் ஓடத் தெரிந்தால் கூடுதல் மணித்தியாலம் தரலாம் என்று வேலை கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு பகுதி. முதலாவது 50 பலதெரிவுக் கேள்விகள், 57 நிமிடம், தேற 43 வேண்டும். இரண்டாவது ஆபத்தை உணரும் பகுதி, இங்கே எல்லோரும் 'ஹசார்ட்' என்பது: 14 சிறு வீடியோக்கள், 15 ஆபத்துகள், மொத்தம் 75 புள்ளி, தேற 44. ஒன்றில் தேறி மற்றதில் தவறினால் இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டும். தவறியவர் மூன்று வேலை நாள் கழித்துத் திரும்பவும் எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் 23 பவுண். அண்மைய ஆண்டுகளில் எடுப்பவர்களில் பாதிப்பேர் கூடத் தேறுவதில்லை. அதனால் இவர் தவறியதில் அதிசயம் இல்லை. ஒரே மாதிரித் திரும்பத் திரும்பத் தவறியதுதான் யோசிக்க வைத்தது.

முதல் மூன்று முறை

ஒருவர் சொன்னதை வைத்து மற்றவர் படிப்பது நம் ஆட்களின் வழக்கம். இவருக்கு வழி சொன்னவர் கணவரின் பெரியம்மா. 2009இல் முதல் தடவையிலேயே தேறியவர். அவர் சொன்னவை இரண்டு: "காதுக்குள்ள தமிழில வாசிச்சுச் சொல்லும், பயப்பிடாத. புத்தகத்தில இருக்கிற கேள்விதான் வரும், பாடமாக்கிப் போ."

2009இல் இரண்டும் உண்மை. தியறிச் சோதனை தனிச் சோதனையாக 1996இல் வந்தது, வீடியோப் பகுதி 2002இல் சேர்ந்தது. அதற்குப் பிறகு இருபதளவு மொழிகளில் குரல் கேட்கும் வசதி இருந்தது, தமிழும் அதில் ஒன்று. 2014 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும் மட்டும்தான், மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிப் போக முடியாது. கேள்விகளும் அப்படித்தான். சோதனையில் வரும் கேள்விகளையே புத்தகமாகப் போடும் வழக்கம் 2012 தொடக்கத்தில் நின்றுவிட்டது. புத்தகத்திலும் செயலியிலும் இருப்பவை பயிற்சிக் கேள்விகள். சோதனையில் அதே விஷயத்தை வேறு வசனத்தில் கேட்பார்கள்.

இது எதுவும் தெரியாமல் இவர் கைபேசிச் செயலியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகளை இரவு பகலாகச் செய்தார். பிள்ளைகள் படுத்த பிறகு இரண்டு மணித்தியாலம், பஸ்ஸில் ஒன்று. முடிவுகள் இப்படி: முதல் முறை 37, வீடியோவில் 45. இரண்டாம் முறை 40, வீடியோவில் 39. மூன்றாம் முறை 41, வீடியோவில் 46. மூன்றாவதற்கு முதல் வாரம் செயலியின் மாதிரிச் சோதனைகளில் 47, 48 என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒருவர் வந்து, காசு தந்தால் ஆள் வைத்து எடுத்துத் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்து பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இவர் மறுத்துவிட்டார். மறுத்த கையோடு என்னிடம் வந்தார்.

நான் கண்டவை

முதல் சனிக்கிழமை நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து, அவர் செயலியில் விடை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்விக்கு ஆறேழு விநாடி. வேகம் திகைக்க வைத்தது. ஒரு கேள்வியில் கையைப் பிடித்து நிறுத்தி, "இதில என்ன கேட்கினம்?" என்றேன்.

சிரித்தார். "கேள்வி வடிவாத் தெரியாது அக்கா. ஆனா நீட்டு விடை எது எண்டு தெரியும். 'பேஷண்ட்' எண்டு வந்தா அதுதான் சரி."

'பேஷண்ட்' என்றால் பொறுமையாக இருப்பது. எனக்கு அது போதுமாக இருந்தது. மூன்று மாதத்தில் அவர் படித்தது விடைகளின் உருவத்தை. திரையில் ஒரு கேள்வியின் முதல் இரண்டு சொல்லைக் கண்டதும் கை சரியான இடத்துக்குப் போகும். சோதனையில் அந்த முதல் இரண்டு சொல் மாறியிருக்கும், கை தடுமாறும். மொக்குத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான் இது.

அதே விஷயத்தை வேறு வசனத்தில் நானே பத்துக் கேள்வி எழுதிக் கொடுத்தேன். நான்கு சரி. பிழைத்த ஆறையும் தமிழில் விளக்கிக் கேட்டபோது ஐந்துக்குச் சரியான பதில் சொன்னார். அதாவது வீதி அவருக்குத் தெரியும். கேள்வியின் வசனம்தான் தெரியாது.

வசனத்துக்குள் எங்கே விழுகிறார் என்று இரண்டு வாரம் குறித்து வைத்தேன். கடினமான சொற்களில் விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவை அவருக்குப் பெரிய பிரச்சினையாக இல்லை. 'ஹைட்ரோலிக்' என்றால் அதைத் தேடிப் பார்த்திருப்பார். விழுந்தது சின்னச் சொற்களில். 'ஓவர்டேக்கிங்' என்றால் நான் இன்னொருவரை முந்துகிறேன். 'பீயிங் ஓவர்டேக்கன்' என்றால் இன்னொருவர் என்னை முந்துகிறார். இவருக்கு இரண்டும் ஒன்று. 'ஓவர்டேக்' என்ற துண்டு கண்ணில் பட்டதும் தான் முந்துவதாக நினைத்து, வேகத்தைக் கூட்டும் விடையை அழுத்துவார். உங்களை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஊரில் மினிபஸ்காரரைப் பார்த்தவர்தானே.

'அன்லெஸ்' (இல்லாவிட்டால்), 'எக்செப்ட்' (தவிர), 'லீஸ்ட் லைக்லி' (நடக்க வாய்ப்பு மிகக் குறைந்தது) எல்லாம் இதே ரகம். 'மஸ்ட்'டுக்கும் 'ஷுட்'டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவர் கவனித்ததில்லை. இங்கத்தைய வீதி விதிகளைச் சொல்லும் ஹைவே கோட் புத்தகத்தில் 'மஸ்ட்' என்று தடித்த பெரிய எழுத்தில் வந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' என்றால் அறிவுரை. 'நியர்சைட்' என்றால் நடைபாதைப் பக்கம், அதாவது இடப்பக்கம், 'ஓஃப்சைட்' வலப்பக்கம். அதை இவர் கிட்டம், தூரம் என்று வாசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதாகக் கண்டது ஊர்ப்பழக்கம். எங்கள் ஊரில் எச்சரிக்கைப் பலகை மஞ்சள் சாய்சதுரம். இங்கே சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணம். ஊரில் கிலோமீற்றர், இங்கே மைல். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகையைப் பார்த்து, "வேகக் கட்டுப்பாடு முடிஞ்சுது, இனி விரும்பின மாதிரி ஓடலாம்" என்று சொன்னார். நியாயமான ஊகம்தான். ஆனால் அந்தப் பலகை தேசிய வேக எல்லையைச் சொல்வது: காருக்கு, நடுவில் பிரிப்பில்லாத வீதியில் மணிக்கு 60 மைல், பிரித்த வீதியில் 70.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, திகதி எடுக்கக்கூடாது. தவறிய இரவே அடுத்ததைப் பதிவு செய்துவிடுவது அவர் வழக்கம். அப்படிச் செய்தால் மிஞ்சும் நாட்களில் செயலியை அழுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய மனம் வராது. "நான் சொல்லுமட்டும் புக் பண்ணாதேயும்" என்றேன். முகம் வாடியது. மூன்று முறைக்கும் சேர்த்து அதற்குள் 69 பவுண் போயிருந்ததால் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது முடிவு என்னுடையது, பிழையானது. எல்லாவற்றையும் தமிழில் படிப்பிக்கத் தொடங்கினேன். மூன்று வாரம் ஹைவே கோட்டின் முக்கியமான விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஆசையோடு படித்தார், எதைக் கேட்டாலும் சொன்னார். மூன்றாம் வார முடிவில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரிச் சோதனை கொடுத்தேன். 36. செயலியில் பாடமாக்கியதும் மங்கிவிட்டது, தமிழில் படித்தது திரையில் கைகொடுக்கவில்லை. சோதனைத் திரையில் 'கிவ் வே' என்றிருக்கும், இவர் கொப்பியில் 'வழிவிடு' என்றிருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை.

அன்று கொப்பியைத் திருப்பி வைத்துப் புதிதாகத் தொடங்கினோம். காரணம் தமிழில், சொல் ஆங்கிலத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல். முதல் நிரலில் ஆங்கிலச் சொல் அல்லது துண்டு வசனம், அப்படியே. இரண்டாவதில் அது வீதியில் எப்படி இருக்கும் என்று ஒரு சின்னப் படம், மொழிபெயர்ப்பு கிடையாது. மூன்றாவதில் 'ஏன்' என்பது, தமிழில், அவருடைய சொந்தச் சொற்களில்.

மஞ்சள் கட்டச் சந்திப்புக்கு அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். முதல் நிரலில் 'பொக்ஸ் ஜங்ஷன்'. இரண்டாவதில் குறுக்கு மறுக்காகக் கோடிட்ட கட்டமும் ஒரு குட்டிக் காரும். மூன்றாவதில்: "வெளியில போக இடமில்லாட்டி உள்ள போகக்கூடாது. நான் நடுவில நிண்டா நாலு பக்கமும் அடைபடும். ஆனா வலப்பக்கம் திரும்பேக்க, எதிர்ல வாற வாகனம் மட்டும்தான் மறிக்குதெண்டா உள்ள நிண்டு காத்திருக்கலாம், ஏனெண்டா அதுகள் போன உடன நான் வெளியில போயிடுவன்." விதிவிலக்கின் காரணத்தை இப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் 'அன்லெஸ்' வந்தாலும் 'எக்செப்ட்' வந்தாலும் பயமில்லை.

நிற்கும் தூர அட்டவணையை அவர் பாட்டு மாதிரிச் சொல்வார், ஆனால் இடையில் ஒன்றைக் கேட்டால் நின்றுவிடும். அதைப் பிரித்தோம். யோசிக்கும் தூரம் சுலபம், ஒவ்வொரு 10 மைல் வேகத்துக்கும் 3 மீற்றர்: 20 மைலுக்கு 6, 30க்கு 9, 70க்கு 21. பிரேக் தூரம் அப்படிச் சீராகக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. 20இல் 6 மீற்றர், 40இல் 24. மூன்று மடங்கு வேகமான 60இல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு, 55. மொத்தம் 20 மைலில் 12 மீற்றர், 30இல் 23, 40இல் 36, 60இல் 73, 70இல் 96.

இலக்கம் மனதில் நிற்க ஒரு வேலை செய்தோம். வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில், ஒரு மின்கம்பத்தடியில் அவரை நிற்க வைத்து, நான் பெரிய அடியாக 23 எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒரு சலூனையும் இரண்டு வீட்டு வாசலையும் தாண்டித் திரும்பிப் பார்த்தால் ஆள் சின்னதாகத் தெரிகிறார். "இவ்வளவு தூரமா அக்கா? முப்பதிலயா?" என்று அங்கிருந்தே கத்தினார். நடந்து போன ஒரு வெள்ளைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்தார். அதற்குப் பிறகு 23 என்ற இலக்கத்தை அவர் மறக்கவில்லை. 96ஐ நடக்கவில்லை, மழை வந்துவிட்டது.

பயிற்சிக் கேள்விகளைச் செய்யும் விதத்தையும் மாற்றினோம். ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் கூடாது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வந்ததும் 25 நிமிடம், இரவில் படிப்பு இல்லை. கேள்வியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் தானாகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு விடையைத் தெரிந்து, மற்ற மூன்றும் ஏன் பிழை என்று தமிழில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் அவருக்குப் பெரிய அலுப்பு. "சரியான விடை தெரிஞ்சா காணாதே?" என்று பலமுறை கேட்டார். காணாது. பிழையான விடை ஒன்று வேறு எந்தக் கேள்விக்குச் சரியாக வரும் என்று சொல்லப் பழகியவருக்கு, கேள்வி உருமாறி வந்தாலும் ஆளை அடையாளம் தெரியும்.

பிழைத்தவற்றை ஒரு துண்டில் எழுதி இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை பார்த்தார். துண்டுகளைப் போட்டு வைத்தது ஒரு பழைய மில்க் பவுடர் ரின்.

பலகைகளுக்கு அதிக நேரம் செலவழிக்கவில்லை. வட்டம் கட்டளையிடும், முக்கோணம் எச்சரிக்கும், நீள்சதுரம் தகவல் சொல்லும். வட்டத்தில் சிவப்பு விளிம்பு பெரும்பாலும் 'செய்யாதே', நீலம் 'இப்படிச் செய்'. இந்தச் சட்டகத்துக்குள் அடங்காத பத்துப் பன்னிரண்டை மட்டும் பார்த்தால் போதும். பாதசாரிக் கடவைகள் சிலவற்றுக்குப் பறவைப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு: பெலிக்கன், பஃபின், டூக்கன். டூக்கனில் நடப்பவரும் சைக்கிள்காரரும் இரண்டு பேரும் கடக்கலாம், 'டூ கேன்' என்ற சிலேடை. குதிரைக்காரருக்கான பெகசஸ் பறவை இல்லை, பறக்கும் குதிரை.

2022 ஜனவரியில் ஹைவே கோட்டில் வந்த மாற்றங்களைத் தனியாகப் பார்த்தோம். சந்தியில் திரும்பும்போது, கடக்கத் தொடங்கியவருக்கு மட்டுமல்ல, கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. பெரியம்மா காலத்துப் புத்தகம் வீட்டில் இருந்தது. அதைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்கச் சொன்னேன். ஹைவே கோட் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எப்போது பதிவு செய்வது? செயலி காட்டும் இலக்கத்தை அளவாக எடுக்கவில்லை. அவர் முன்பு பார்த்திராத கேள்விகள் 20ஐ நானே வசனம் மாற்றி எழுதிக் கொடுப்பேன். அதில் 18 சரியாக வந்து, அந்தப் பதினெட்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து. ஒன்பதாவது வாரத்தில் அது நடந்தது. பதிவு செய்யும்போது ஆங்கிலக் குரல் வசதியையும் கேட்டோம். முன்பு மூன்று முறையும் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கண்ணால் வாசித்தால் தவறும் 'நொட்' (இல்லை என்ற சொல்) காதில் கேட்டால் தவறுவதில்லை.

நான்காம் முறை

கேள்விப் பகுதியில் 46. வீடியோவில் 42. இரண்டு புள்ளியால் போயிற்று.

மண்டபத்துக்கு வந்து அழவில்லை, கோபப்பட்டார். கோபப்பட்டது நியாயம். ஒன்பது வாரத்தில் வீடியோப் பகுதிக்கு நாங்கள் செலவழித்தது இரண்டு மணித்தியாலம் இருக்குமா என்பது சந்தேகம். மூன்றில் இரண்டு முறை அதில் தேறியிருக்கிறார்தானே என்று விட்டது என் பிழை. 45, 46 என்பவை தேறிய புள்ளிகள்தான், ஆனால் விளிம்பில் தேறியவை. நடுவில் ஒரு 39 இருந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இந்த முறை அவர் வீடியோ செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இடப்பக்கம் ஒரு வான் நிற்கிறது. தூரத்திலேயே கண்டு கிளிக் செய்தார். கார் கிட்டப் போகிறது, வானின் சிக்னல் மின்னுகிறது, மெதுவாக வெளியே வருகிறது. இவர் கை அசையவில்லை. முடிவில் பூச்சியம்.

"ஏன் பிறகு அமத்தேல்ல?"

"நான் முதலே கண்டிட்டன் தானே அக்கா!"

ஓடத் தெரிந்தவர்கள் அகப்படும் பொறி இது. நிற்கும் வான் ஆபத்தாக மாறக்கூடியது, அவ்வளவுதான். அது அசையத் தொடங்கி, நம் காரை வேகம் குறைக்கவோ விலகவோ வைக்கும்போதுதான் புள்ளி தரும் நேரம் திறக்கிறது. திறந்த உடனே அழுத்தினால் 5, பிந்தப் பிந்த 4, 3 என்று குறையும். திறப்பதற்கு முன் அழுத்தியது கணக்கில்லை. இதற்குப் பயந்து விடாமல் தட்டிக்கொண்டிருந்தாலும், ஒரே தாளத்தில் தட்டினாலும் அந்த வீடியோவுக்குப் பூச்சியம்.

மறுபக்கமும் இருந்தது. நடைபாதையிலிருந்து ஒருவர் இறங்குவது, சைக்கிள்காரர் குழியைத் தவிர்த்து வெளியே வருவது போன்றவற்றை அவர் ஆபத்தாகவே எடுக்கவில்லை. "மாடு குறுக்க வாற றோட்டில ஓடினனான் அக்கா, இதெல்லாம் ஒரு ஆபத்தே?" என்றார். அவர் கண்ணுக்கு அது சாதாரண வீதி.

தீர்வாக எடுத்தது இரண்டு. ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு, தேவையென்றால் மூன்று கிளிக்: கண்டதும் ஒன்று, அது அசைந்ததும் ஒன்று, நம் கார் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியதும் ஒன்று. மற்றது பஸ். வேலைக்குப் போகும் இரண்டு பஸ்ஸும் மாடி பஸ். மேல்தட்டின் முன் இருக்கையில் இருந்தால் முழு வீதியும் சினிமாத்திரை மாதிரித் தெரியும். ஏதாவது நிலை மாறும் கணத்தில் மனதுக்குள் "இப்ப" என்று சொல்லிக்கொண்டு போகச் சொன்னேன். நிற்கிற காருக்கு 'இப்ப' இல்லை, கதவு திறந்தால் 'இப்ப'. ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாராம், பக்கத்தில் இருந்த பெண் திடுக்கிட்டுப் போனாராம். அதோடு அதிகாரபூர்வச் செயலியில் உள்ள பயிற்சி வீடியோக்களை நாளுக்கு நான்கு, அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்தோம். ஒவ்வொன்றின் முடிவிலும் நேரம் எங்கே திறந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இப்படி மூன்று வாரம். கேள்விப் பகுதிக்கு ரின்னில் இருந்த துண்டுகள் மட்டும்.

முடிவு

ஐந்தாம் முறை 47, வீடியோவில் 53. கேள்விப் பகுதியில் 20 நிமிடம் மிஞ்சியதாகச் சொன்னார். சந்தேகமான ஏழு கேள்விகளைக் குறித்து வைத்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து ஒலியை மறுபடி கேட்டிருக்கிறார். இரண்டை மாற்றினாராம், இரண்டும் சரியாகத்தான் மாறியிருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை.

தியறிச் சான்று இரண்டு வருடம் செல்லும். அதற்குள் வீதிச் சோதனையில் தேறாவிட்டால் தியறியை மறுபடி எடுக்க வேண்டும். இதை எழுதும்போது அவர் வாரம் இரண்டு மணித்தியாலம் பயிற்சியில் இருக்கிறார். பயிற்சியாளர் பொக்ஸ் ஜங்ஷனுக்கு முன் நிறுத்தச் சொல்வதற்குள் இவரே நிறுத்திவிடுவதாகக் கேள்வி. றவுண்டபவுட்டில் எந்த லேனில் போவது என்பதில் இன்னும் தகராறு. ஐந்து முறைக்கும் சேர்த்து 115 பவுண் கட்டியிருக்கிறார். அது அவருடைய வேலையில் ஒரு முழுநாள் சம்பளம்.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே இரண்டு பகுதியிலும் பழைய புள்ளிகளை எழுதி வைத்து, விளிம்பில் நிற்கும் பகுதியையும் தவறிய பகுதியாகவே எடுத்திருப்பேன். அப்படிச் செய்திருந்தால் நான்காவது முறையே போதும்.

தமிழில் விதிகளை எழுதிக் கொடுத்த மூன்று வாரத்தை அப்படியே வெட்டியிருப்பேன். அது எனக்குத்தான் சந்தோஷமாக இருந்தது, அவருக்குப் பயன்படவில்லை. மூன்று நிரல் கொப்பியை முதல் வாரத்திலேயே தொடங்கலாம். அதிலும் சின்னச் சொற்களை முன்னுக்கு வைப்பேன்.

செயலியை விடச் சொல்லமாட்டேன். அதில்தான் அவர் வீதி அறிவின் பெரும்பகுதி வந்தது. ஆனால் ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்து, ஆறு விநாடியில் சரியாக அழுத்தினால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருப்பேன்.

கணவரை இதில் சேர்க்காததும் குறைதான். காரணம் சொல்லிக் கேட்க வீட்டில் ஒரு காது இருந்திருந்தால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. பிற்பாடு மூத்த மகள் அந்த வேலையைச் செய்தாள். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் காரணம் விளங்கவில்லை என்றால் தாய்க்கும் அது சரியாக விளங்கவில்லை என்று அர்த்தம், அது நல்ல அளவுகோலாகவே இருந்தது.

கொப்பியும் மில்க் பவுடர் ரின்னும் இப்போது அவருடைய மச்சானிடம். அவர் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம், அடுத்த மாதம் அவருடைய முதல் தியறிச் சோதனை. போன சனிக்கிழமை மண்டபத்தில் கண்டபோது கொப்பியைப் பார்த்தீரா என்று கேட்டேன். "இன்னும் திறக்கேல்ல அக்கா. ஆப்பில எனக்கு 49 வருது" என்றார்.